குறைந்த அளவா, குறைந்த மருந்தா?

நாய் கடித்துவிட்டது என்று யாரேனும் சொல்லக் கேட்டால், நம் ஊர்ப்பக்கத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்களின் கை தன்னையறியாமல் வயிற்றின்மேல் சென்று அமர்வதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்னும் தொடர் அவ்வளவு ஆழமாக நம் மக்கள் மனத்தில் வேரோடியிருக்கிறது. அந்த ஊசி மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. மருந்து போய் இருபது ஆண்டுகள் கடந்தும் அதன்மேல் கொண்ட அச்சம் மட்டும் போகவில்லை. அன்னவாசலைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நாய் கடித்த பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல், வேர் கட்டுபவரிடமும் மந்திரிப்பவரிடமும் கொண்டு செல்வோர் சிலர் இன்றும் உளர். ஏன் என்று வினவினால், "அந்த ஊசியப் பச்சப்புள்ள தாங்காது சாமி" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது.

இதற்கு நேர்மாறான ஐயம் ஒன்றும் அண்மைக்காலத்தில் நம் செவிக்கு எட்டுகிறது. அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களே, "இது ஓர் ஊசியா? கொசு கடித்ததுபோல் இரண்டு புயத்திலும் இரண்டு குத்து; மருந்து ஒரு சொட்டுக்கூட உள்ளே போயிராது; காசு கொடுத்துப் போடுகிற இடத்தில் புட்டி முழுவதையும் அல்லவா ஏற்றுகிறார்கள்!" என்று குறைப்படுகின்றனர். முன்னவர் ஊசி பெரிதென்று அஞ்சி விலகுகின்றனர்; பின்னவர் ஊசி சிறிதென்று ஐயுற்று விலகுகின்றனர். விளைவோ ஒன்றுதான். ஆகவே இவ்விரண்டு ஐயங்களின் வரலாற்றையும் அன்பர்களோடு சற்று விரிவாகவே பேச விழைகிறோம். நாம் மருத்துவர் அல்லர். எனினும், பங்கு மக்கள் தம் வீட்டு நோயையும் கடனையும் முதலில் கொண்டுவந்து சொல்லும் இடம் நம் வீட்டுத் திண்ணையாக இருப்பதால், இதைப் படித்தறிந்து சொல்லவேண்டிய கடமை நமக்கு உண்டாயிற்று.

வெறிநாய்க்கடி நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற நோய்களுக்குத் தடுப்பூசியை நோய் அணுகுமுன் போடுகிறோம்; இதற்கோ நோய்க்கிருமி உடலுள் புகுந்த பின்னரே பெரும்பாலும் போடுகிறோம். எச்சிலோடு கடிவாயில் இறங்கிய கிருமி குருதி வழியாக ஓடுவதில்லை. நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல மெல்ல ஊர்ந்து செல்கிறது. சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் இப்பயணத்துக்கு ஆகின்றன. அது மூளையை அடைந்து, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை தோன்றிவிட்டால், அதன்பின் பிழைத்தவர் உலகெங்கும் மிகச் சிலரே. ஆக, கிருமி வழியில் இருக்கும் அந்தச் சில வாரங்களே நமக்குக் கிடைத்துள்ள அவகாசம். அதற்குள் உடலைப் போருக்கு ஆயத்தம் செய்துவிட வேண்டும். ஊசி பற்றிய ஆராய்ச்சிகள் யாவும் இந்த அவகாசத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைப் பற்றியவையே.

பண்டைக்காலத்தில் இந்த அவகாசத்தை மக்கள் நெருப்பைக்கொண்டு பயன்படுத்தினர். கடிவாயில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் சுடுவது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. ஐரோப்பாவிலும், வேட்டையாடுவோரின் பாதுகாவலரான புனித உபெர்த்து அவர்களின் பெயரால் 'திறவுகோல்' என்று ஓர் இரும்பை வைத்திருந்து, அதைச் சூடேற்றிக் கடிவாயில் ஒற்றி வந்தனர். கோயில்களிலேயே இது நடந்தது. குருவானவர்களே செய்தனர். அவர்களைப் பழிப்பதற்கில்லை, வேறு வழி அறியாத காலம் அது. வழி அறிந்த இக்காலத்தில் கடிவாயில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்புவோரைப் பற்றித்தான் நமக்கு வருத்தம்.

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், அல்சாசு நாட்டுப்புறத்திலிருந்து யோசேப்பு மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் பாரீசு நகருக்கு அழைத்து வந்தாள். வெறிநாய் ஒன்று அவனைப் பல இடங்களில் கடித்துக் குதறியிருந்தது. லூயி பாஸ்டர், நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, உலர உலரக் கிருமியின் வீரியம் குன்றுவதை அறிந்து வைத்திருந்தார். மிகவும் உலர்ந்ததில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் மிகுந்ததாக, பதின்மூன்று ஊசிகள் அச்சிறுவனுக்குப் போடப்பட்டன. அவன் பிழைத்தான். வளர்ந்து ஆளானபின் பாஸ்டர் நிலையத்தின் வாயிற்காவலனாகப் பணியாற்றினான் என்பது பலரும் அறிந்த செய்தி. நரம்புப் பொருளில் கிருமியை வளர்ப்பது, வயிற்றுத் தோலின் அடியில் நாள்தோறும் போடுவது என்ற இரண்டு வழக்கங்களும் அன்றே தொடங்கிவிட்டன என்பதை மட்டும் அன்பர்கள் நினைவில் கொள்க.

நம் நாட்டில் 1900-ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் கசௌலி என்னுமிடத்தில் முதல் பாஸ்டர் நிலையம் எழுந்தது. தென்னாட்டில் கடிபட்டவன் அங்குப் போய்ச் சேருவதற்குள் அவகாசம் கழிந்துவிடும். 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி, தென்னாட்டில் சிகிச்சை கிடைக்காமல் இந்நோயால் இறந்தார். அதன்பின்னரே அரசாங்கம் விழித்தது. என்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு, நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் 1907-இல் திறக்கப்பட்டது. இன்றும் சிம்ஸ் பூங்காவின் எதிரே அக்கட்டடத்தைக் காணலாம். அந்தப் பெண்மணியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அவருக்கு முன் இதே நோயால் இறந்த நம் நாட்டு ஏழைகளின் பெயர்களோ, இத்தனை கல்வெட்டுகள் உள்ள நம் புதுக்கோட்டைச் சீமையில்கூட எந்தக் கல்லிலும் இல்லை.

கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்பவர் 1911-இல் ஒரு மாற்றத்தைச் செய்தார். ஆடு, முயல் ஆகியவற்றின் மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று, அக்கலவையையே ஊசி மருந்தாக்கினார். உயிருள்ள கிருமியைக் கையாளவேண்டிய இடர் நீங்கியது. அதனினும் பெரிய நன்மை வேறொன்று. இம்மருந்தைப் புட்டியில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்பலாம். அதுவரை கடிபட்டவன் மலையேறி மருந்திடம் போகவேண்டியிருந்தது. இனி மருந்து மலையிறங்கிக் கடிபட்டவனிடம் வரலாயிற்று. குன்னூரிலிருந்து சென்ற இந்த ஆட்டுமூளை மருந்தால் எத்தனையோ ஆயிரம் உயிர்கள் காக்கப்பட்டன. இதை மறந்து அந்தப் பழைய ஊசியை ஏளனம் செய்வது நன்றியன்று.

ஆயினும் அது கொடிய ஊசிதான். மூளைக்கலவை ஆகையால் மருந்தின் செறிவு குறைவு. நாளொன்றுக்கு 2 முதல் 5 மி.லி. வரை ஏற்றவேண்டியிருந்தது. அவ்வளவு நீரைத் தாங்கும் தளர்ந்த தோல் வயிற்றில்தான் உண்டு. எனவே தொப்புளைச் சுற்றி, இன்று ஓரிடம் நாளை ஓரிடம் என்று கடிகார முள் நகர்வதுபோல் ஊசி நகர்ந்தது. நாம் சிறு பிராயத்தில் பள்ளியில் படித்த காலத்தில், நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்திருந்த தோழன் ஒருவனை நாய் கடித்தது. அவன் தந்தை கொத்து வேலையை விட்டுவிட்டு நாள்தோறும் அவனைப் பேருந்தில் அழைத்துச் சென்றார். ஆறாம் நாள் பையன் வைக்கோற்போருக்குள் ஒளிந்துகொண்டான். ஊர் முழுவதும் தேடிக் கண்டுபிடித்து, நால்வர் சேர்ந்து தூக்கிச் சென்றனர். அவன் சட்டையைத் தூக்கிக் காட்டிய வயிறு, கொட்டைப் பாக்கு அளவு தடிப்புகளோடு, இன்றும் நம் கண்முன் நிற்கிறது. தந்தைக்கு அந்த இரண்டு வாரக் கூலி போனது போனதுதான். இத்தகைய வயிறுகளைக் கண்ட ஒரு தலைமுறையே இன்று பாட்டன் பாட்டியாக வீட்டில் அமர்ந்து, "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

வலியைவிடப் பெரிய கேடு ஒன்றும் அதில் இருந்தது. ஆட்டுமூளையிலுள்ள நரம்புறைப் பொருளைப் பகையென்று கண்டு எதிர்க்கக் கற்ற உடல், சிலருக்குத் தன் சொந்த நரம்பையே தாக்கியது. கைகால் முடங்கியவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. சில நூறு பேரில் ஒருவர் என்றும், சில ஆயிரம் பேரில் ஒருவர் என்றும் கணக்குகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. எனவே, மூளையை விட்டு வேறோர் இடத்தில் கிருமியை வளர்க்கவேண்டும் என்று அறிஞர்கள் முயன்றனர். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் விஸ்டார் நிலையத்தில், கண்ணாடிக் கலத்தில் வளர்த்த மனித உயிரணுக்களில் இக்கிருமியை வளர்த்து 1960-களில் புதிய மருந்து உருவாக்கப்பட்டது. ஈரான் நாட்டில் வெறிபிடித்த ஓநாய்களாலும் நாய்களாலும் கடிபட்ட 45 பேருக்கு அதைப் போட்டுப் பார்த்தனர். 45 பேரும் பிழைத்தனர். 1976-இல் இச்செய்தி வெளிவந்தது. ஆறே ஊசிகள். அதுவும் வயிற்றில் அன்று, புயத்தில்!

இவ்விடத்தில் நம் வாசகர் சிலர் மனத்தில் எழக்கூடிய வினாவையும் தொட்டுச் செல்கிறோம். அம்முதல் மருந்துக்குப் பயன்பட்ட உயிரணுக்கள், 1960-களில் கலைக்கப்பட்ட ஒரு கருவிலிருந்து எடுத்துப் பெருக்கப்பட்டவை. இது மனச்சான்றை உறுத்தும் செய்தியே. இதுபோன்ற உயிரணுக்களோடு தொடர்புடைய கொரோனாத் தடுப்பூசிகளைப் பற்றி 2020 டிசம்பரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஒரு குறிப்பை வெளியிட்டது. மாசற்ற வேறு மருந்து கிடைக்காதபோது அவற்றைப் பெறுவது ஒழுக்கநெறிக்கு ஒத்ததே என்றும், அப்படிப் பெறுவது கருக்கலைப்பை ஏற்பதாகாது என்றும் அது கூறிற்று. வெறிநாய்க்கடி ஊசியைப் பொறுத்தவரை நம் ஊர்களில் பரவலாகக் கிடைப்பவை குரங்கின் சிறுநீரக உயிரணுக்களிலோ கோழிக்கருவின் உயிரணுக்களிலோ வளர்த்தவை. எனவே இந்த வினா இங்கு எழவே இடமில்லை.

புதிய மருந்து வந்தும் நம் நாடு ஆட்டுமூளையை விட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. காரணம் விலையன்றி வேறில்லை. பழைய மருந்தை அரசு நிலையங்களே செய்து இலவசமாகக் கொடுத்தன. புதிய மருந்தின் ஒரு புட்டியின் விலையோ கூலியாளுக்குப் பல நாள் உழைப்பு. தசையில் போடும் முறைப்படி ஐந்து நாள்களில் ஐந்து புட்டிகள் வேண்டும். ஆக, பணமுள்ளவனுக்குப் புயத்தில் ஐந்து ஊசி, இல்லாதவனுக்கு வயிற்றில் பதினான்கு என்றொரு நீதி இருபது முப்பது ஆண்டுகள் இந்நாட்டில் நடந்தேறியது. இந்தப் பழைய அநீதியின் நினைவுதான், இன்று சிறிய ஊசியைக் கண்டதும் "ஏழைக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தார்களோ" என்ற ஐயமாக வெளிப்படுகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஐயம் பிழையாயினும், அது வெறும் அறியாமையிலிருந்து பிறந்ததன்று.

அந்தச் சிறிய ஊசி எப்படி வந்தது என்று பார்ப்போம். தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த சவோவபா அரசியார் நினைவு நிலையம் உள்ளது. அங்குள்ள மருத்துவர்களும் இதே விலைச் சிக்கலில் அகப்பட்டிருந்தனர். 1980-களில் அவர்கள் மருந்தை மாற்றாமல், மருந்து இறங்கும் இடத்தை மாற்றினர். தசைக்குள் ஆழமாகப் போகவேண்டிய ஊசியைத் தோலின் அடுக்குக்குள்ளேயே நிறுத்தி, ஒவ்வோரிடத்திலும் 0.1 மி.லி. மட்டும் செலுத்தினர். அம்முறையை உலக சுகாதார நிறுவனம் 1992-இல் ஏற்றது. நம் நாட்டில் 2006-இல் இதற்கு இசைவு வழங்கப்பட்டது. ஆட்டுமூளை ஊசி நின்ற சுவட்டிலேயே இது வந்ததனால்தான், அரசு மருத்துவமனைகள் புதிய மருந்தை எல்லார்க்கும் இலவசமாகத் தர முடிந்தது.

குறைந்த மருந்து எவ்வாறு போதும்? தோல் வெறும் போர்வையன்று. அது நம் உடலின் எல்லைக்காவல். தசையில் காவல் அணுக்கள் அரிது. தோலின் அடுக்கிலோ அவை நெருங்கி நிற்கின்றன. அந்நியப் பொருள் ஒன்று அங்கு வந்தவுடன், அதைப் பற்றிக்கொண்டு அக்குளிலுள்ள கணுக்களுக்கு ஓடிச் செய்தி சொல்கின்றன. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அக்கணுக்களே எதிர்ப்புப்படை திரளும் பாசறைகள். வயலின் நடுவில் நின்று கூவினால் கேட்போர் சிலர். சந்தை வாயிலில் மெல்லச் சொன்னாலும் ஊரெல்லாம் பரவிவிடும். குழந்தை பிறந்தவுடன் இடது புயத்தில் போட்டு, பின்னர் தழும்பாக நிற்கும் காசநோய்த் தடுப்பூசியும் தோலின் அடுக்குக்குள் போடப்படுவதுதான். அதன் அளவும் இத்தனை சிறிதே. அதைக் குறைவென்று இதுவரை யாரும் நம்மிடம் குறை கூறியதில்லை.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரைக் கண்மாய்க் கரையில் நாய் கடித்தது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். மறுநாள் திருப்பூரிலிருந்து வந்திருந்த அவர் மருமகன், "அங்க சொட்டு மருந்துதான் மாமா குத்துவாங்க. முழு ஊசி போடணும்னா தனியாருக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டார். முதியவர் ஒரு கிடாயை விற்க விலை பேசி முடித்துவிட்டு, மிச்சப் பணத்துக்குக் கைமாற்றுக் கேட்டு நம் உபதேசியாரிடம் வந்தார். உபதேசியார் அவரை நம்மிடம் அழைத்து வந்தார். அவருக்குத் தனியார் மருத்துவமனையில் உள்ளதும் அரசு மருத்துவமனையில் உள்ளதும் ஒரே வகைப் புட்டி என்றும், அதில் தண்ணீர் கலப்பதில்லை என்றும், இறங்கும் இடம்தான் வேறு என்றும் எடுத்துச் சொன்னோம். தலையை ஆட்டிக் கேட்டவர், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்:

"அப்ப எதுக்கு சாமி காசுள்ளவனுக்கு மட்டும் முழுப் புட்டி?"

நல்ல கேள்வி. புட்டியைத் திறந்து கரைத்துவிட்டால் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்துவிட வேண்டும்; மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். நாள்தோறும் பலர் வரும் அரசு மருத்துவமனையில் ஒரு புட்டியைப் பலருக்குப் பகிரலாம். ஒருவரே வரும் சிறிய தனியார் மருத்துவமனையில் பகிர ஆளில்லை. ஆகவே முழுவதையும் தசையில் போட்டுவிடுவதே அவர்களுக்கு எளிது. அவ்வளவே வேறுபாடு. கணக்கையும் போட்டுக் காட்டினோம். ஒரு நாளைக்கு இரு புயத்திலும் சேர்த்து 0.2 மி.லி.; நான்கு நாள்களுக்கு 0.8 மி.லி. புட்டி 1 மி.லி. கொண்டதாயின், ஒரு புட்டிக்கும் குறைவு. தசை முறையிலோ ஐந்து புட்டிகள். முதியவர் தம் ஆடுகளைப் போலவே கணக்கிலும் கெட்டி. "அப்ப ஒருத்தன் மருந்துல ஆறு பேரு" என்றார். மூன்றாம் நாள் ஊசிக்கு உபதேசியாரே மிதிவண்டியில் அழைத்துப் போனார். நான்கு ஊசிகளும் முடிந்தன. கிடாய் இன்னும் மந்தையில் இருக்கிறது.

அளவைக் குறைத்து ஊர் முழுவதற்கும் எட்டச் செய்வது மருத்துவத்தில் புதிதன்று. பெரியம்மை ஒழிப்பின்போது, கவட்டை போன்ற இரண்டு நுனி கொண்ட ஊசி 1960-களில் வந்தது. நுனிகளுக்கிடையே தங்கும் சிறு துளியே போதுமாயிருந்ததால், முன்பு ஒருவருக்குச் செலவான மருந்தில் நால்வருக்குக் குத்த முடிந்தது. அதற்கு முன் நம் நாட்டில் தோலின்மேல் வைத்துச் சுழற்றிக் கீறும் வட்டக் கருவி வழங்கியது. அதன் தழும்பை நம் பெற்றோர் கைகளில் கண்டிருக்கிறோம். இந்தியாவில் உள்நாட்டுப் பெரியம்மை 1975-இல் மறைந்தது. இளம்பிள்ளை வாதத்திலும் இதுவே நடந்தது. 2016-இல் ஊசிவழிப் போலியோ மருந்துக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தபோது, 0.5 மி.லி. மருந்தைத் தசையில் போடுவதற்குப் பதிலாக 0.1 மி.லி. வீதம் தோலில் இருமுறை போடும் வழியை நம் நாடு தேர்ந்தது. தமிழ்நாடும் அதை முதலில் தொடங்கிய மாநிலங்களுள் ஒன்று. 2023 முதல் ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது முறையும் சேர்க்கப்பட்டது. கைக்குழந்தையின் வலது புயத்தில் செவிலியர் போடும் அந்த மிகச் சிறிய ஊசியைப் பற்றி இளந்தாய்மார் யாரேனும் ஐயுற்றிருந்தால், விடை இதுதான்.

குறைகள் இல்லையா எனின், உண்டு. தோலின் அடுக்குக்குள் போடுவது பழகிய கைக்கே வசப்படும். சரியாகப் போட்டால் அந்த இடத்தில் நாரத்தைத் தோல்போல் புள்ளிகளோடு சிறு கொப்புளம் எழும்பும்; எழும்பாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று பொருள், மீண்டும் போடவேண்டும். கொப்புளத்தைப் பார்த்துக்கொள்ளக் கடிபட்டவருக்கு உரிமை உண்டு, கேட்பதில் தவறில்லை. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு மருத்துவர்கள் தசை முறையையே நாடுவர். மேலும், ஒரு நாளைக்கு ஒருவர் இருவரே வரும் சிறிய நிலையத்தில் புட்டியைத் திறக்கத் தயங்கி, "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பும் செய்தியும் நம் காதில் விழுகிறது. ஒருவர் வந்தாலும் புட்டியைத் திறக்கவேண்டும். வீணாகும் மருந்தின் கணக்கை அரசு பார்த்துக்கொள்ளும். வீணாகும் நாளின் கணக்கைக் கிருமி பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊசிக்கு முன்னதாகச் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. கடிவாயைச் சவுக்காரமிட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். கார்பாலிக் அமிலமும் பழுக்கக் காய்ச்சிய இரும்பும் செய்ய முயன்றதை இது வலியின்றிச் செய்கிறது. குருதி வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால், தடுப்பூசியோடு எதிர்ப்புச் சீரம் என்ற மற்றொரு மருந்தும் கடிவாயிலேயே போடப்படவேண்டும். தடுப்பூசி படையைத் திரட்டும்வரை வாயிலைக் காப்பது அதுவே. இதைப் பல இடங்களில் விட்டுவிடுகின்றனர் என்பது நம் மனத்தாங்கல்.

மனிதனுக்குப் போடும் ஊசியைச் சிறிதாக்குவது ஒருபுறமிருக்க, நோயை நாயிடத்திலேயே நிறுத்தலாமே என்று வேறு சிலர் சிந்தித்தனர். 1978-இல் சுவிட்சர்லாந்தில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் இறைத்தனர். நரிகள் அவற்றைத் தின்றன. பள்ளத்தாக்கில் நோய் முன்னேறாமல் தடைப்பட்டது. பின்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நரிகளிடமிருந்து இந்நோய் அகன்றது இவ்வழியால்தான். புனித சவேரியாரின் கோவாவிலும் ஓர் அரிய பணி நடந்தது. அங்கே வலை வீசித் தெருநாய்களைப் பிடித்து ஆண்டுதோறும் பெருந்தொகையான நாய்களுக்கு ஊசி போட்டனர்; பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பித்தனர். 2018-க்குப் பின் சில ஆண்டுகள் அங்கு மனித மரணமே நிகழவில்லை. 2021-இல் அம்மாநிலம் இந்நோயைக் கட்டுப்படுத்திய பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கேயே, வலையில் அகப்படாத நாய்களுக்கு இரை கொடுத்து அணுகலாமா என்றும் ஆராய்ந்தனர். மருந்தில்லாத வெற்று இரையைக் கொண்டே சோதித்தனர். வலைக்குழுவைவிடக் குறைந்த ஆள்களைக்கொண்டு கூடுதலான நாய்களை எட்ட முடிந்தது. அன்னவாசல் கடைவீதியில் இறைச்சிக் கடையைச் சுற்றிப் படுத்திருக்கும் நாய்களை எண்ணிப் பார்க்கும்போது, வலையைக் கண்டு ஓடும் அவை இரையைக் கண்டு ஓடா என்பதில் நமக்கு ஐயமில்லை.

2003-இல் எடுத்த கணக்கின்படி இந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பேர் இந்நோயால் இறந்தனர். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் பங்கேற்று 2025 ஜனவரியில் வெளியான ஆய்வு, அத்தொகை 5,726 என்று மதிப்பிடுகிறது. ஆட்டுமூளை போனதும், புயத்தில் சிறு கொப்புளம் வந்ததும், மருந்து இலவசமாக ஊர்களை எட்டியதும் இந்த இறக்கத்தில் பங்குடையவை என்று கொள்ளலாம். ஆனால் அதே ஆய்வு, நாய் கடித்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்றும் சொல்கிறது. போட்டுக்கொள்ளத் தொடங்கியவர்களுள்ளும் இடையில் நின்றுவிடுவோர் பலர். இரண்டு ஊசிக்குப் பின் புண் ஆறிவிடுகிறது, நாற்று நடவு வந்துவிடுகிறது, நான்காம் ஊசி மறந்துபோகிறது.

நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் தோல்வழி ஊசிக்குரிய நாள்கள் 0, 3, 7, 28 என நான்கு. சுழியம் என்பது நாய் கடித்த நாளன்று. முதல் ஊசி போடும் நாள். கடித்துச் சில நாள்கள் கழிந்துவிட்டன என்றோ, கடித்தது குட்டிநாய்தான் என்றோ போகாமல் இருந்துவிட வேண்டா; அன்றே போய் அன்றைச் சுழியம் என்று தொடங்கலாம். நம் பங்கில் யாரை நாய் கடித்தாலும், உபதேசியார் அவ்வீட்டு நாள்காட்டியில் இந்த நான்கு தேதிகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வருகிறார். இருபத்தெட்டாம் நாளுக்கு மட்டும் இரண்டு வட்டம்.